ஊர் எழுதிய வரி

கல். பேடு தீயன் அந்தவன். கூடல் ஊர் ஆகோள்.

ஏழு சொற்களில் முடிந்துவிடுகிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையை ஒட்டி இருக்கும் புலிமான்கோம்பை என்ற சிற்றூரில் கிடைத்த நடுகல் ஒன்றில் வெட்டியிருப்பது இவ்வளவுதான். கூடலூரில் மாடு பிடித்த சண்டையில் உயிர்விட்ட, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று பொருள் சொல்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியராக இருந்த கா. ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்கள் யதீஸ்குமார், செல்வகுமார் இருவரும் 2006இல் இந்தக் கல்லை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். இதனோடு இன்னும் இரண்டு எழுத்துள்ள கற்கள் அதே ஊரில் கிடைத்தன. ஒன்று உடைந்து எழுத்துகள் பாதி போய்விட்டன. மற்றொன்றில் வேளூர் என்ற ஊர்ப்பெயரோடு அவ்வன், பதவன் என்ற ஆட்பெயர்கள் இருக்கின்றன.

எழுத்து, தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் நாம் சொல்லும் பழைய எழுத்து. அதன் வடிவை வைத்துக் கி.மு. நான்காம் நூற்றாண்டுக்கும் இரண்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் காலம் குறிக்கிறார்கள். அதற்கு முன்பு தமிழகத்தில் கிடைத்திருந்த எழுத்துள்ள நடுகற்கள் எல்லாம் கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி வருபவை. சங்கப் பாடல்கள் எழுத்துள்ள நடுகல்லைப் பேசுகின்றனவே, அந்தக் கல் எங்கே என்று அறிஞர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் ஊர் பதில் சொன்னது.

வயதைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. கண்டுபிடிப்பு வெளியான நாளிலிருந்து மேடைகளில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு அந்தக் கல்லில் பெரிதாகப் படுவது வேறு. அதில் அரசன் பெயர் இல்லை. ஆட்சியாண்டு இல்லை. செத்தவன் எந்தக் குலம், எந்தப் படையில் இருந்தான், எத்தனை பேரை வெட்டினான் என்ற எதுவும் இல்லை. வாளோ வில்லோ ஏந்திய உருவமும் இல்லை. ஓர் ஆளின் பெயர், ஓர் ஊரின் பெயர், நடந்த ஒரு காரியம். ஊர் தன் ஆள் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவே என்று அன்றைக்கு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏழெட்டு நூற்றாண்டு கடந்து செங்கம் வட்டாரத்துக்குப் போனால் நடுகல் மாறிவிடுகிறது. அங்கே முதலில் வருவது பல்லவ மன்னன் பெயர். பிறகு அவனுடைய ஆட்சியாண்டு. பிறகு அந்தப் பகுதியை ஆண்ட தலைவன். பிறகு அவனுடைய சேவகன். மாடு மீட்டுச் செத்தவன் வரிசையில் கடைசியாக வருகிறான். அந்தக் கற்கள் வரலாற்று ஆசிரியனுக்குப் பெரும் புதையல். அரசனின் ஆண்டுக்கணக்கை வைத்துக் காலத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஊரின் சாவு அதற்குள் அரசனின் கணக்கில் ஏறிவிட்டது. புலிமான்கோம்பைக் கல் அந்தக் கணக்கு வருவதற்கு முந்தைய குரல்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இதே பழைய எழுத்து உண்டு. மாங்குளத்துக் குகைத்தளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. படுக்கை வெட்டிக் கொடுத்தவர், அதைப் பெற்ற துறவி என்று அது கொடையின் பதிவு. இப்படிக் குகைகளில் கிடைத்தவற்றையே அதிகம் பார்த்துப் பழகியதால், எழுத்து சமணத் துறவிகளோடும் வணிகரோடும் அதிகாரிகளோடும் நின்ற ஒன்று என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. பிறகு கொடுமணலில் பானை ஓடுகளில் ஆட்பெயர்கள் வந்தன. வைகையின் கீழ்ப்பகுதியில் கீழடியில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகள் வந்தன. தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்ட மக்கள் ஆற்றின் கீழே இருந்தார்கள். செத்தவனின் பெயரைக் கல்லில் வெட்டிய மக்கள் ஆற்றின் மேலே இருந்தார்கள். மாடு மேய்க்கும் ஊரிலும் எழுத்து புழங்கியிருக்கிறது. எழுத வந்தபோது முதலில் எழுதியது தன் ஆளின் பெயரை.

கல் கிடைத்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பழைய ஈமக்காடு இருக்கிறது. கற்குவை, கல்வட்டம், பலகைக் கற்களை நிறுத்திச் செய்த கல்லறை, நெடுங்கல் என்று தலைமுறை தலைமுறையாகச் செத்தவர்களை ஊர் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறது. அந்தக் கற்களுக்கெல்லாம் பெயர் கிடையாது. இது இன்னாருடைய கல் என்பது பார்த்தவர்களின் நினைவில் இருந்திருக்கும். அவர்கள் போனதும் அதுவும் போயிருக்கும். பெயரில்லாத அந்தப் பெரும் கூட்டத்துக்கு நடுவில்தான் அந்தவன் பெயரோடு நிற்கிறான். செதுக்கிச் சீராக்கிய கல்லும் இல்லை அது. சுற்றியிருக்கும் நெடுங்கற்களின் இனம்தான். அதன் முகத்தில் எழுத்து ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சாவைக் கொண்டாடும் பழைய வழக்கத்தை ஊர் விடவில்லை. அதே வழக்கத்துக்குள் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டது.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதற்கு நாள் பார்த்துத் தொடங்குவது, கொண்டுவந்து நீராட்டுவது, நடுவது, பெரும்படையல் இடுவது, வாழ்த்துவது. இதை இலக்கணமாகப் படித்துக் கடந்துபோய்விடுகிறோம். ஊராக நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு படியும் பலருடைய உழைப்பு. மலையடிவாரத்தில் கல் பார்க்கப் போக நாலு பேர் வேண்டும். கல்லைப் புரட்டி இழுத்துவர மாடும் வடமும் வேண்டும். ஆற்றில் தண்ணீர் எடுக்க ஆள், படையலுக்கு நெல்லும் கள்ளும் ஆடும். உளியைப் பிடிக்கத் தெரிந்தவன், எழுத்தை வரைந்து காட்டத் தெரிந்தவன். எந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று சொல்ல, செத்தவனின் வீட்டார். ஏழு சொல்லுக்குப் பின்னால் ஓர் ஊரே சில நாட்கள் வேறு வேலையில்லாமல் நின்றிருக்கிறது.

கூடலூர் எது? மதுரைக்கும் கூடல் என்ற பெயருண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், குமுளி மலைப்பாதை ஏறுவதற்குச் சற்று முன்னால் இன்றைக்கும் ஒரு கூடலூர் இருக்கிறது. கல்லில் வருவது அதுவாக இருக்கலாம் என்ற கருத்தும் இருக்கிறது. அப்படியானால் அந்தவன் செத்த இடம் பள்ளத்தாக்கின் ஒரு முனை; அவனுக்குக் கல் நின்ற இடம் பள்ளத்தாக்கு வாய்திறந்து வைகைச் சமவெளியில் இறங்கும் மறுமுனை. இடையில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. பாண்டிய நாட்டிலிருந்து சேரநாட்டுக் கடற்கரைக்குப் போகும் பழைய வழிகளில் இது ஒன்று. ஒரு பக்கம் ஏலமலை, மறுபக்கம் மேகமலையும் வருசநாட்டு மலையும். இன்று பேருந்தின் சன்னலில் வரும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும் இந்த அளவுக்குப் பரந்தது 1895க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அதற்கு முன்பும் ஆற்றோரம் நெல் விளைந்திருக்கும். ஆனாலும் அந்தவன் நடந்த பள்ளத்தாக்கில் செல்வம் என்றால் மாடு. மாட்டுக்காகப் போனார்கள், மாட்டுக்காகச் செத்தார்கள்.

கவர வந்தவனா, காக்க நின்றவனா என்று கல் சொல்லவில்லை. வெட்சியா கரந்தையா என்று நாம் அட்டவணை போட்டுப் பிரிப்பதை அந்த ஊர் பொருட்படுத்தவில்லை. அதை எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமலும் இருந்திருக்கலாம். ஊருக்கே தெரிந்த சங்கதியைக் கல்லில் ஏன் வெட்ட வேண்டும்? எது நடந்தாலும், ஊர் கொண்டாட எடுத்துக்கொண்டது வெற்றியை இல்லை. இழப்பை.

மேற்கே வெகுதூரத்தில், வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில், காசில் துவைரன் என்ற குக்கிராமம் இருக்கிறது. அங்கும் ஒரு நினைவுக்கல். கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1895இல் தேவாலய வளாகத்தில் கண்டெடுத்தார்கள். அதற்கு முன்பு அது வேலியைத் தாண்ட மிதிகல்லாகக் கிடந்தது. வோட்டபோரிக்ஸ் என்பவரின் நினைவு என்று முகத்தில் இலத்தீனில் எழுதி, ஓரத்தில் ஓகம் என்ற அயர்லாந்துக் கீற்றெழுத்தில் அதே பெயரை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். பெயரோடு பாதுகாவலர் என்ற உரோமப் பட்டமும் இருக்கிறது. உரோமப் படைகள் பிரிட்டனை விட்டுப் போய் நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும், செத்தவனுக்கு மரியாதை தேட அந்தப் பேரரசின் பட்டம் வேண்டியிருந்தது. அந்தக் கல்லைப் பற்றிப் படிக்கும்போது அந்தவனின் கல் எனக்கு இன்னும் நெருக்கமாகிறது. தீயன் அந்தவனுக்கு யாருடைய பட்டமும் தேவைப்படவில்லை. அவன் பேடு என்னும் ஊர்க்காரன். அதுவே போதுமான அடையாளம்.

*

பள்ளத்தாக்கில் மாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள பந்தம் அந்தவனோடு முடிந்துவிடவில்லை. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. கன்னடம் பேசும் காப்பிலியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்தபோது ஓட்டிவந்த மந்தையின் வழி என்று அதைச் சொல்கிறார்கள். 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்த மந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். மந்தைக்கு ஒரு பட்டத்துக்காளை உண்டு. அது இறந்தால் அடுத்ததை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மந்தைக்கு முன்னால் கரும்புக்கட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைக் கடிக்கிறதோ அதற்குப் பட்டம். மாட்டுப்பொங்கலன்று இன்றும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சனம் அந்தத் தொழுவுக்கு வருகிறது. வேண்டுதலுக்குக் கன்றை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வருசநாட்டிலும் மேகமலை அடிவாரத்திலும் மலைமாடு வளர்ப்பவர்களின் வரலாறு இன்னும் கடினமானது. மழைக்காலத்தில் மலையேறி, அறுவடை முடிந்ததும் சமவெளிக்கு இறங்கி, வயல்களில் கிடை போட்டு, சாணத்துக்கும் கோமியத்துக்கும் கூலி வாங்கிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று வரையறுத்தது. காடும் புலியும் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வைகை பிறப்பது அந்தக் காட்டில்தான். ஆனால் எந்த மேட்டில் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாகக் கிடை மறித்தது, எந்தச் சுனையில் எந்த மாதம் மாடு தண்ணீர் குடித்தது என்று மேய்ப்பவர்கள் தரப்பில் எழுதிவைத்த ஒரு தாள் கிடையாது. வழக்கு வரும்போது வனத்துறையிடம் வரைபடம் இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறது, அரசாணை இருக்கிறது. மேய்ப்பவரிடம் நினைவு மட்டும் இருக்கிறது. நீதிமன்றத்தில் நினைவைச் சான்றாக வைப்பது எளிதில்லை.

எழுத்து ஊரின் கையைவிட்டு எப்படிப் போனது என்பதை ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போனால் பார்க்கலாம். ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர்மேல் ஏவியபோது அந்த ஊர்களின் ஒவ்வொரு ஆணும் எழுத்தில் ஏற்றப்பட்டான். பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம், பத்து விரல் ரேகை. இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது.

ஒரே நிலப்பகுதி, மாடு பிடித்த சண்டையில் செத்தவனுக்கு ஒரு காலத்தில் ஊர் கல் எடுத்தது. இன்னொரு காலத்தில் மாடு பிடிக்கிற கூட்டம் என்று முத்திரை குத்தி ஒரு சமூகத்தையே அரசு பதிவேட்டில் அடைத்தது. இரண்டும் எழுத்துதான். கல்லில் எழுதியவன் செத்தவனைத் தெரிந்தவன். பதிவேட்டில் எழுதியவனுக்கு எதிரே நின்றவன் ஒரு எண். பெருங்காமநல்லூரில் இன்று நினைவுத்தூண் நிற்கிறது, பெயர்களோடு. பதிவேடு பறித்துக்கொண்ட பெயர்களை ஊர் திருப்பி வாங்கி நட்டதாகவே அதை நான் பார்க்கிறேன். நடுகல் மரபு அங்கே தொடர்கிறது.

தண்ணீரிலும் ஊர்கள் போயின. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது ஆண்டிபட்டிப் பக்கத்துச் சிற்றூர்கள் பல நீரில் அடங்கின. அந்த ஊர்களில் ஒன்றில் சிறுவனாக இருந்து வெளியேறிய வைரமுத்து, பின்னாளில் அந்த மூழ்கலைக் கள்ளிக்காட்டு இதிகாசம் என்ற நாவலாக எழுதினார். 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. ஒரு நாவல் இல்லையென்றால் அந்த ஊர்களை வெளியுலகம் அறிந்திருக்குமா என்று நினைக்கிறேன். அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அடியில் கிடக்கும் ஊர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் வருவதில்லை. அந்தத் தண்ணீரால் மதுரைக்குக் குடிநீர் கிடைத்தது, கீழே வயல் விளைந்தது. நியாயமான பயன்கள்தான். பயன் பெற்றவர்களுக்கு, யாருடைய வீட்டின் மேல் அந்தத் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

வேல்ஸில் இதே கதைக்கு வேறு முடிவு இருந்தது. திரிவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்ற வேல்சு மொழி பேசும் குக்கிராமம். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க 1965இல் அதை மூழ்கடித்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், கல்லறைத் தோட்டம், பண்ணை வீடுகள் எல்லாம் போயின. லண்டன் நாடாளுமன்றத்தில் வேல்ஸ் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் பயனில்லை. ஆனால் அங்கே ஊர் மறக்கப்படவில்லை. கடற்கரைச் சாலையோரம் இடிந்து நின்ற ஒரு கல்சுவரில், திரிவெரினை நினைவில் வையுங்கள் என்று மெய்க் ஸ்டீபன்ஸ் என்ற எழுத்தாளர் வேல்சு மொழியில் சாயத்தால் எழுதினார். இரண்டே சொல். சுவரைச் சிலர் சிதைத்தபோதெல்லாம் மக்கள் திரும்பக் கட்டினார்கள், திரும்ப எழுதினார்கள். நாடு முழுதும் சுவர்களில் அந்தச் சொற்கள் பரவின. 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. மூழ்கிய ஊர் மேலே வரவில்லை. ஆனால் அந்த மக்களின் மொழியுரிமை இயக்கத்துக்கு அந்த ஊரின் பெயர் விதையானது.

*

ஊர் வரலாறு எழுதுவது நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மலர்கள் அச்சாகின்றன: கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்க மாநாட்டு மலர். அவற்றில் பெரும்பாலானவை எங்கிருந்தோ ஓர் அரசனைக் கொண்டுவந்து ஊரின் தலையில் உட்காரவைப்பதில் தொடங்குகின்றன; பிறகு ஒரு சாதியின் வீரப் பரம்பரையில் போய் நிற்கின்றன. அதே தெருவில் வேறு சாதிக்காரர்கள் இருந்தார்களா, ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சிய மடையர் யார், செத்த மாட்டைத் தூக்கியவர் யார், பறையடித்து ஊரைக் கூட்டியவர் யார் என்ற கேள்விகள் வருவதில்லை. புலிமான்கோம்பைக் கல்லையும் இப்போது ஆளுக்கொரு சாதியார் தங்கள் முன்னோர் என்று இழுக்கிறார்கள். கல்லில் குலப்பெயர் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் ஒதுக்கி வைத்ததை நாம் வலிந்து திணிக்கிறோம்.

கல்லுக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைத்துக் கல்லைப் புகழ்வது நேர்மையில்லை. அந்தவனுக்குக் கல் கிடைத்தது. அவன் பிடிக்கவோ காக்கவோ போன மாடுகளைக் காலம் முழுக்க மேய்த்தவருக்குக் கிடைக்கவில்லை. அவனைப் பெற்றவளுக்கு, அவனோடு வாழ்ந்தவளுக்கு, பிரசவத்தில் செத்தவளுக்குக் கல் இல்லை. இதே வட்டாரத்தில் கம்பளத்தார் மாலைக்கோயில் என்று கும்பிடும் பிற்காலக் கற்களில் பெண்ணுருவம் உண்டு. ஆனால் அவள் பெரும்பாலும் கணவனோடு தீப்பாய்ந்தவள். சாவதற்குத்தான் அவளுக்கு இடம். வாழ்ந்ததற்கு இல்லை.

இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குக் கல் எடுப்போம்? விடியுமுன்னே கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாகக் காலையில் ஏறி, மாலையில் இறங்கி, இரவு சோறாக்கி, மறுபடி இருட்டோடு எழுகிறார்கள். வளைவுகளில் ஜீப் கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. மறுநாள் பத்திரிகையில் பெயர் வருகிறது, வயது வருகிறது, ஊர் வருகிறது. அதற்கு அடுத்த நாள் எங்கும் இல்லை. பிழைப்புக்காக மலையேறி வழியில் உயிர்விட்டவள் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இல்லையென்றால் வேறு யார் இருப்பது? விபத்து நடந்த வளைவில் அவள் பெயரும் ஊரும் நாளும் ஒரு கல்லில் நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. ஊரின் செடி, கொடி, மாட்டினம், நெல்வகை, மூலிகை எல்லாவற்றையும் ஊராரைக் கேட்டு எழுத வேண்டும். அருமையான ஏற்பாடு. அதே பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஊரைப் பற்றிய இன்னொரு பதிவேடு ஏன் இருக்கக் கூடாது? ஒவ்வொரு கண்மாய்க்கும் மடைக்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு புஞ்சைக்கும் வழிப் பெயர் உண்டு. எந்தப் பஞ்சத்தில் எந்தக் குடும்பம் கண்டிக்குப் போனது, எது திரும்பி வந்தது, அணை கட்டியபோது எந்தத் தெருவுக்கு எந்த மூழ்கிய ஊரிலிருந்து ஆள் வந்தார்கள், கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் முதலில் படித்த பெண் யார், ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் இறைத்த முதல் நாள் எது. எண்பதைத் தாண்டியவர்களிடம் இவற்றுக்கு இன்னும் பதில் இருக்கிறது. கேட்கும் வேலைக்குப் பள்ளி மாணவர்கள் போதும். எழுதியதைக் கிராம சபையில் சத்தமாக வாசித்தால், தவறு இருந்தால் அங்கேயே நாலு பேர் எழுந்து திருத்துவார்கள். அந்தச் சண்டையும் வரலாற்றின் பகுதிதான், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அப்படி எழுதும்போது அளவு சின்னதாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர், நடந்த காரியம் என்று மூன்றும் சரியாக இருந்தால் மீதியைப் பின்னால் வருகிறவர்கள் தேடிக்கொள்வார்கள். புகழ்ச்சியைச் சேர்த்தால் காலம் அதைக் கழித்துவிடும். பொய்யைச் சேர்த்தால் மொத்தமும் ஐயத்துக்கு உள்ளாகும். இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கின் எல்லாத் தெருவிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பையில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பேரனும் பாட்டியின் குரலைப் பதிவு செய்துவிடலாம். வசதி இல்லை என்று சொல்ல வழியில்லை. இதைப் பல்கலைக்கழகம் செய்யும், அரசு செய்யும் என்று நாம் விட்டுவைத்தால், வனத்துறையும் வருவாய்த்துறையும் காவல்துறையும் அவரவர் தேவைக்கு நம் ஊரை எழுதிக்கொள்ளும். ஒரு நாள் வழக்கு என்று வரும்போது அந்தத் தாள்கள்தான் நம்முடைய வரலாறாக நிற்கும்.